மொழிபெயர்க்க விடாத பதில்

விளங்கிய கதையை விளங்காதவன் போல் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் இந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள். ரொறன்ரோவில் கம்பனிகளுக்காக வாதாடும் சட்டத்தரணி நான். யாராவது கம்பனிமேல் வழக்குப் போட்டால், அது நீதிமன்றம் போகுமுன் அவரை எங்கள் கந்தோருக்கு அழைத்து, சத்தியம் செய்வித்துக் கேள்வி கேட்பேன்; ஆங்கிலத்தில் சொல்லப்படுவது மட்டும் பதிவில் ஏறும். வந்தவர் தமிழரென்றால் நான் ஆங்கிலத்தில் கேட்க, அவர் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பித் தரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வேதக்காரப் பெயரை, கிறிஸ்தவப் பெயரை, வைத்து ஒருவரும் நான் தமிழன் என்றோ எந்த ஊர் என்றோ கண்டுபிடிக்கமாட்டார்கள். கண்டறியாத நாடகம்!

போன மாசியில் வந்தவர் திருகோணமலைக்குப் பக்கத்துச் சம்பூர்க்காரர், லொறி ஓட்டுபவர். ஒரு வெயர்ஹவுஸ் வாசலில் ஐஸில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. இனி லொறி ஓட்ட ஏலாது. வெயர்ஹவுஸ் என் கட்சிக்காரருடையது. விழுந்த அன்றே சுப்பவைசர் நீட்டிய ஆங்கிலக் கடதாசியில் இவர் கையெழுத்து வைத்திருக்கிறார். 'என் கவனக்குறைவால் விழுந்தேன்' என்று அதில் இருக்கிறது. அந்தக் கடதாசி நின்றால் அவருடைய வழக்கு விழும்.

வாசிக்காமல் ஏன் வைத்தார் என்பது எனக்குத் தெரியும். சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், திருகோணமலையிலிருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். படிவமெல்லாம் சிங்களத்தில்; அப்பா சிங்களவர் நிறைந்த சீனன்குடாவில் வேலை செய்ததால் எனக்குச் சிங்களம் ஓடும். அரிசிக்கு ஒரு படிவம், காணிக்கு ஒன்று, வெளியே போய்வர இன்னொன்று. "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். வரிசை வாசல்வரை நின்றது. "அதெல்லாம் பிறகு பாப்பம் அண்ணை, இதில வையுங்கோ" என்றேன். கேள்வி கேட்டவருக்கு அரிசி பிந்தும். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குப் பழக்கியவர்களில் நானும் உண்டு. நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

"கையெழுத்து வைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா?" என்று லொறிக்காரரை ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை. ஆனா எங்கட ஊரில கடதாசி தந்தா, வாசிக்கிறன் எண்டு நிண்டா..."

மொழிபெயர்க்கும் அம்மா 'இல்லை' என்பதை மட்டும் சொல்லி, மிச்சத்துக்கு வாய் திறக்குமுன் நான் குறுக்கே விழுந்தேன். 'இல்லை' என்ற பதில் போதும், அடுத்த கேள்வி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். லொறிக்காரருடைய சட்டத்தரணி இந்த நாட்டுப் பெண், தமிழ் தெரியாது. மனிதர் சும்மா இழுக்கிறார் என்று நினைத்துத் தாளைப் புரட்டினார். பதிவில் 'இல்லை' மட்டுமே ஏறியது.

இடைவேளையில், கூட இருந்த என் மேலாளர் தோளில் தட்டி, சரியான இடத்தில் நிறுத்தினாய், எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அனுபவம் என்றேன். நீதிமன்ற அனுபவத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது லிஃப்ட் வாசலில் சம்பூர்க்காரர் ஊன்றுகோலுடன் தனியே நின்றார்.

"தம்பி, நீங்கள் திருகோணமலைப் பக்கமோ?"

நான் லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

"அந்த அம்மா மிச்சத்தைச் சொல்ல முதலே நிப்பாட்டிப் போட்டியள். அதுதான் கேட்டனான்."

குரலில் கோபமே இல்லை. ஊர் ஆளைக் கண்ட ஆசைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எதிராளியோடு அவருடைய சட்டத்தரணி இல்லாமல் கதைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறேன். அங்கே நான் வாய் திறந்து சொன்ன முதல் தமிழ் வசனம் இதுதான்:

"உங்களோட நான் கதைக்க ஏலாது, அண்ணை."