மூன்றாம் கவுண்ட்டர்

பெரிய மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் பத்தொன்பது வருடம் பிரேம் பழுதுபார்த்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் 'திருகு அக்கா'. திருகு கழன்ற கண்ணாடியோடு யாராவது வந்தால் முதலாளி, "புதுசு வாங்கிடுங்க, இது தேறாது" என்பார். தேறும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது கேட்டுச் சலித்த பிறகுதான் வேலையை விட்டாள்.

திட்டம் சிறியது. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, மாத்திரை டப்பாக்களில் அளவுவாரியாகப் பிரித்து வைத்த திருகுகள். பிரேம் மட்டும்தான், லென்ஸைத் தொடுவதில்லை. உரிமத்துக்கு மனு கொடுத்த ரசீதை வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் அறை ஃபோன் கடைக்காரனுக்குப் போய்விடும் என்று அறையின் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

உரிம அலுவலக மாடியில், மூன்றாம் கவுண்ட்டரில் இருந்த அதிகாரி மனுவை வாங்கவே மறுத்தார்.

"கண்ணாடித் தொழில்னா கண் பரிசோதனைப் படிப்பு படிச்சிருக்கணும்மா. விதி அப்படி."

"பிரேமோட காது கழண்டா மாட்டுவேன் சார், அவ்வளவுதான். கண்ணுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

"அதை விதிக்கிட்ட சொல்லுங்க."

நான்கு முறை இதே பேச்சு. மூன்றாம் முறை, படித்த ஒருவரைப் பங்குதாரராகச் சேர்க்கச் சொன்னார். நான்காம் முறை, வேறு தொழில் பார்க்கலாமே என்றார். பொறுமையைப் புகழ்ந்து எழுதியவர்களில் எத்தனை பேர் இப்படி வரிசையில் நின்றார்களோ தெரியவில்லை. அவளிடம் பொறுமை இருந்ததாகச் சொல்ல முடியாது. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாளே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். அதிகாரியின் கண்ணாடியில் ஒரு பக்கத் திருகு இல்லை. கண்ணாடியின் அந்தப் பக்கக் காதை நூல் சுற்றிக் கட்டியிருந்தார். அது சரியச் சரிய, இடது கையால் தூக்கிப் பிடித்துத்தான் எதையும் படிப்பார். அவளுக்குக் கை பரபரத்தது. "சும்மா இரு, லஞ்சம்னு நினைச்சுக்குவாங்க" என்று வீட்டில் கணவர் தடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாம் முறை. அவர் சொன்னதையே சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழட்டுங்க சார் அதை."

"எதைம்மா?"

"கண்ணாடியைத்தான். அஞ்சு தடவையா பாத்துப் பாத்து எனக்கே கழுத்து சாயுது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் ஏனோ கழற்றிக் கொடுத்துவிட்டார். நூலை அறுத்து, கைப்பையிலிருந்த டப்பாவில் சரியான திருகைத் தேடி முடுக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"இப்பப் படிங்க. அந்த விதியில நான் எங்க இருக்கேன், காட்டுங்க."

அவர் விதிப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. படித்தார். மறுபடியும் படித்தார்.

"லென்ஸ் வேலை இல்லாத பழுதுபார்ப்பு இதுல சேராதாம்."

"சேராதா?"

"நீங்க இங்க வரவே வேண்டியதில்லம்மா. கீழ, ரெண்டாம் கவுண்ட்டர்."

நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மூக்கில் கண்ணாடி நேராக உட்கார்ந்திருந்தது. "அடுத்தது யாரு?" என்றார்.

இரண்டாம் கவுண்ட்டரில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரசீதில் தொழில் என்ற இடத்தில் 'இதர பழுதுகள்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். மாலையில் சொந்தக்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதரன்னா என்னடி?"

"நான்தான் அக்கா. இத்தனை அலைச்சலுக்கு அந்தப் பேருதான் மிச்சம். சாவியைக் குடுங்க."