கேட்டைப் பூட்டிய பிறகு எஸ்தரம்மா செய்தது

போன வியாழக்கிழமை பிற்பகல், வாலாஜாபாத்தில் நான் வேலை பார்க்கும் அரிசி ஆலைக்கு ரயில் நிலையத்துப் பார்சல் குமாஸ்தா சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே சொன்னார்.

"சார், உங்க எஸ்தரம்மா செங்கல்பட்டுல வண்டிக்காக உக்காந்துக்கினு இருந்தாங்களாம். அப்படியே பெஞ்சுல சாஞ்சிட்டாங்களாம். போயிட்டாங்க சார்."

"அவங்க அஞ்சு மணி வண்டியிலதானே வருவாங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதைத் திரும்பவும் சொன்னார். நான் அதையே மறுபடியும் கேட்டேன். அவர் போன பிறகும் வழக்கம்போல நாலே முக்காலுக்கு எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டி வந்தது, நின்றது, போனது. எஸ்தரம்மா உட்காரும் ஜன்னல் ஓரத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அப்போதுதான் குமாஸ்தா சொன்னது எனக்கு உறைத்தது.

ஐம்பது வயதுகூட ஆகாதவர். காய்ச்சல் தலைவலி என்று ஒரு வாரம்கூடத் தன் சென்னைப் பயணத்தைத் தள்ளிப்போட்டவர் அல்ல. அவரைத் தெரிந்த டாக்சி ஓட்டுநர்களுக்கும், மெக்கானிக்குகளுக்கும், டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. அது என்னைப் பற்றியது.

காஞ்சிபுரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் ஒரு மோட்டார் ஏஜென்சி இருந்தது. முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம். அதில் எப்போதும் ஒரே ஒரு புதுக் கார் நிற்கும். பின்பக்கம் ஒர்க்‌ஷாப். இரண்டுக்கும் நடுவில் உதிரி பாகங்களுக்கான ஸ்டோர். நான் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ரிப்பேருக்கு வரும் வண்டிகளுக்கு ஜாப் கார்டு எழுதுவதும் என் வேலை; அந்த அட்டை இல்லாமல் மெக்கானிக்குகள் வண்டியைத் தொட மாட்டார்கள். ஸ்டோர் எஸ்தரம்மாவின் பொறுப்பு.

பாலாற்றுக்கு அப்பால் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். அலமாரிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவதற்கென்று தற்காலிகமாகத்தான் அவரை எடுத்தார்கள். எழுதி ஒட்டிய எண்கள் எல்லாம் அவர் மனதிலும் ஒட்டிக்கொண்டன. எந்த வருடத்து வண்டிக்கு எந்த எண் பேரிங் என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வார்.

ஒருநாள் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டார். எஸ்தரம்மா எழுதுவதை நிறுத்தாமல், "இருக்காங்க. நீங்க அவங்கள கேட்டா, அவங்க வந்து என்னக் கேப்பாங்க. நேராவே கேட்டுட்டீங்கன்னா உங்களுக்கு நேரம் மிச்சம்" என்றார். அந்த மனிதர் அதன் பிறகு அவர் இல்லாத நேரத்தில் வந்தால் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு எட்டு நாள் முன்பு மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சென்னையில் இருந்த முதலாளிகள் காஞ்சிபுரம் கிளையை மூட முடிவு செய்துவிட்டார்கள். அறிவிப்பை என்னை டைப் அடிக்கச் சொன்னார். "இது இந்த ரூமைத் தாண்டக் கூடாது. தாண்டினா யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் தலையாட்டினேன். எட்டு நாளும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எஸ்தரம்மா தந்த ஊறுகாயை வாங்கிக்கொண்டேன். எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை முனுசாமி தன் டாக்சியைக் கொண்டுவந்தார். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம் அவருடையது. தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு டாக்சி ஓட்ட வந்தவர். கோயில்களைச் சுற்றிக் காட்டுவார், பட்டு மூட்டைகளை ஏற்றிப் போவார். சுற்று வட்டார ஊர்களில் பிரசவ வலி எடுத்தால் சைக்கிளில் வந்து முதலில் தேடுவது அவரைத்தான். இன்ஜினில் சத்தம் வருகிறது என்றார். திங்கட்கிழமை கேட் திறக்காது என்று தெரிந்துகொண்டே நான் ஜாப் கார்டு எழுதினேன். தலைமை மெக்கானிக் நாயுடு அன்றைக்கே இன்ஜினைப் பிரித்தார். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பட்டறையில் கடைந்து வர மதிய லாரியில் சென்னைக்கு அனுப்பினார்கள். அதில் அடையாளச் சீட்டுக் கட்டியது எஸ்தரம்மா.

திங்கட்கிழமை கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. நான் டைப் அடித்த தாள் ஒட்டியிருந்தது. உள்ளே சென்னையிலிருந்து வந்த அதிகாரியும் இரண்டு லாரிகளும். வெளியே நாங்கள், கையில் சாப்பாட்டுத் தூக்குடன். எல்லோரும் திரும்பத் திரும்ப அந்தத் தாளைப் படித்தார்கள். தினம் எங்களுக்கு டீ கொண்டுவருபவர், தட்டில் பதினெட்டு கிளாசுடன் கேட் முன்னால் நின்றவர், டீ ஆறிப்போகும் வரை அப்படியே நின்றார். முனுசாமி கம்பிகளின் வழியாகத் தன் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். இன்ஜின் இல்லாத அதன் முகப்பு திறந்தபடி கிடந்தது.

எஸ்தரம்மா மட்டும் கம்பியைத் தட்டி அதிகாரியைக் கூப்பிட்டார்.

"ஐயா, ஸ்டோர் சாமான ஏத்தப் போறீங்களா?"

"ஆமா. எல்லாம் கம்பெனி சொத்து."

"அலமாரியில இருக்கறது கம்பெனிது. தரையில தட்டுல இருக்கறது இவங்க வண்டியிலேருந்து கழட்டினது. ரெண்டையும் சேத்து ஏத்திட்டீங்கன்னா மெட்ராசுல யாராலயும் பிரிக்க முடியாது. அப்புறம் இவங்க வண்டியும் ஓடாது, உங்க கணக்கும் நிக்காது."

"எது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சீட்டு எழுதினது நான்தாங்க."

அதிகாரி சங்கிலியை அவிழ்க்கச் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் லாரி கிளம்பும், அதற்குள் வெளியே போகாத வண்டி உள்ளேயே கிடக்கும் என்றார்.

வேலை போய்விட்ட மெக்கானிக்குகள் யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார்கள். எஸ்தரம்மா ஸ்டோர் வாசலில் நின்று ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கொடுத்தார். "இது வக்கீல் வண்டியோடது. இதுல ஒரு திருகாணி கம்மியா இருக்குது, கீழ தேடுங்கப்பா." இப்படியே இரண்டரை நாள். ஒவ்வொன்றாக வண்டிகள் கேட்டைத் தாண்டின. முனுசாமியின் வண்டிக்கு மட்டும் வழியில்லை. அதன் கிராங்க் ஷாஃப்ட் சென்னையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் மாகறலிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் தங்கைக்குக் காலையிலிருந்து வலி. டாக்சி ஸ்டாண்டில் இருக்க வேண்டிய வண்டிகளில் ஒன்று திருப்பதிக்குப் போயிருந்தது, மற்றவை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரிந்து கிடந்தன. ஸ்டாண்டில் சொல்லி அனுப்பியதால் கேட்டுக்கு வந்தார்.

"முனுசாமி அண்ணே, வண்டி?"

முனுசாமி கையை மட்டும் நீட்டிக் காட்டினார். வந்தவர் அந்தக் காலி முகப்பைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவ்வளவு வேகமாக ஒருவர் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததில்லை.

மாட்டு வண்டியில் ஏற்றி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. புதன்கிழமை காலை முனுசாமி வந்து சொன்னார். சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப் தரையில் உட்கார்ந்தார். ஸ்பேனர் சத்தம் நின்றது. எஸ்தரம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். கார் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்த நிமிடம் என் கையில் ஜாப் கார்டு கட்டு இருந்தது. மேலே இருந்தது சனிக்கிழமை நான் எழுதிய அட்டை.

அன்று சாயங்காலம் முனுசாமியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பிள்ளையார்பாளையத்துத் தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. நெசவாளர்கள் வெளியே வந்தார்கள். எதற்கு, என்ன என்று கேட்காமல் ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றபோது சுமார் முப்பது பேர் இருந்தோம். 

ஏஜென்சி போனால் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். எங்களுக்கு டீ தந்தவரின் கடை இரண்டே மாதத்தில் மூடியது. வண்டி சீட் தைத்தவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். ஒரு ஃபேன் பெல்ட் அறுந்தால் டாக்சி பத்து நாள் நின்றது. வாலாஜாபாத் பக்கம் உழவு நேரத்தில் டிராக்டர்கள் வயலிலேயே நின்றன. நாயுடு வேலை தேடிப் பெங்களூருக்குப் போனார். நான் அரிசி ஆலையில் சேர்ந்தேன்.

எஸ்தரம்மா ஒரு வியாழக்கிழமை காலை வாலாஜாபாத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். "சார், மெட்ராஸ் போறேன். முனுசாமி கிராங்க் எங்க இருக்குதுன்னு தேடணும். கனமான சாமான், ஒரு ஆளு கூட வந்தா நல்லாருக்கும்" என்றார். போனேன். மூன்று பட்டறை ஏறி இறங்கி, நாலாவதில் கண்டுபிடித்தோம். அவர் கட்டிய சீட்டு அப்படியே இருந்தது. சாக்கில் சுற்றி, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம்.

செங்கல்பட்டில் வண்டி மாறிய பிறகு, பெட்டியில் எங்கள் பக்கம் யாரும் இல்லை. சொன்னேன்.

"எஸ்தரம்மா, மூடப் போறாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் சார். கேட்டுல ஒட்டியிருந்ததுல எட்டு நாள் முன்ன தேதி போட்டிருந்திச்சி. டைப் அடிக்கறது நீங்க ஒருத்தர்தானே."

"அப்ப ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

 அவர் என் பக்கம் திரும்பினார்.

"வாயத் தொறந்திருந்தா உங்க வேலை போயிருக்கும். அந்த பயம் எனக்கும் இருக்குது, அதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சனிக்கிழமை முனுசாமி வந்தப்போ, இன்னிக்கி ஆள் இல்லப்பா, அடுத்த வாரம் வான்னு அனுப்பியிருக்கலாம். அதுக்கு யாரும் உங்கள வேலைய விட்டு எடுத்திருக்க மாட்டாங்க."

 அந்த எட்டு நாளையும் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தவன் நான். அப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"முனுசாமிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லணும்."

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. என்னை ஒதுக்கவும் இல்லை. வாலாஜாபாத் வந்ததும், "காஞ்சிபுரம் வரைக்கும் வந்து தூக்கி விட்டுட்டுப் போங்க சார்" என்றார்.

அந்த வாரத்தில் தொடங்கி ஆறு வருடம், வாரா வாரம் வியாழக்கிழமை அவர் போய்வந்தார். பிளக், பெல்ட், பிரேக் ரப்பர், பேரிங், யார் எது கேட்டாலும் எண் அவர் மனதில் இருந்தது. வாலாஜாபாத்துக்காரர்களின் சாமானை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுப்பார். முன்னூறு நாளாவது அந்த ஜன்னலில் என் முகத்தைப் பார்த்திருப்பார். முனுசாமியிடம் சொன்னேனா என்று பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. சொல்லவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் உடலைக் கொண்டுவர முனுசாமியின் டாக்சிதான் செங்கல்பட்டுக்குப் போனது. வழியில் வாலாஜாபாத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் எஸ்தரம்மாவின் தம்பி, பள்ளி ஆசிரியர், அழுதுகொண்டே வந்தார். மறுநாள் அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே முனுசாமி தனியாக வண்டியில் சாய்ந்து நின்றபோது, எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை அட்டையையும் சொன்னேன்.

 "எஸ்தரம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"கேட் மூடின அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

நேற்று மதியம் ஆலை வாசலில் அவருடைய டாக்சி நின்றது. அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினார். ஸ்டாண்டில் இருக்கும் எல்லா வண்டிகளுக்கும் தேவையான சாமான்கள் அதில் எழுதியிருந்தன.

"வியாழக்கிழமை யாருன்னா போறாங்களான்னு கேக்கறாங்க" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டு.

வாங்கிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிப் பார்ப்பாரா என்றும் தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆலையில் வியாழக்கிழமைகளுக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். எண்கள் எனக்கு மனப்பாடம் கிடையாது. தாளில் எழுதிக்கொண்டுதான் போக வேண்டும், தப்பாக வாங்கி வந்தால் திரும்பவும் போக வேண்டும். செங்கல்பட்டில் வண்டி மாற அந்த பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும். அங்கே எப்படி நிற்கப்போகிறேன் என்று தெரியவில்லை. எஸ்தரம்மாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். வாரம் ஒருமுறை, அந்த வியாழக்கிழமை வண்டி.