கழிவறையில் படித்த போன்

என் கையெழுத்து கோணல். பிழைகளும் நிறைய இருக்கும். ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. பிறகு அன்னாசிப் புளிப்பு விரல் தோலைத் தின்றுவிட்டதால் பேனா சரியாக நிற்பதில்லை. இந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததற்கு மன்னிப்பு கேட்கவில்லை.

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தோல் வண்டி தள்ளினேன். பெண்கள் சீவிப் போடும் தோலை அள்ளிப் பின்பக்கம் கொட்ட வேண்டும். லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு மாறினால் கை பிழைக்கும். ஆனால் அங்கே சிங்கப்பூர் லாரிக்காரர்களிடம் ஆங்கிலம் பேச வேண்டும்.

அப்போதுதான் முதலாளியம்மா போனில் ஆங்கிலப் பாடம் கொண்டுவந்தார். சுவர்களில் சின்னப் பெட்டிகளை ஒட்டினார்கள். பெட்டியின் அருகே போனால் நாம் நிற்கும் இடம் போனுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு வேண்டிய பேச்சைச் சொல்லிக்கொடுக்கும். சரக்கு ஏற்றும் இடத்துப் பாடத்தில் தேறினால் அங்கேயே வேலை என்றார்.

நான் கூச்சக்காரன். முதல் நாள் எல்லோரும் சாப்பிடும் கெண்டினில் நான் சொன்னது போனுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டது. எங்கள் சூப்பர்வைசர், என்னைவிட வயதில் சிறியவர், நம் ஆள்தான், நான் திணறியதைத் தன் போனில் பதிவு செய்துகொண்டார். தேநீர் வேளை தோறும் அதைப் போட்டுக்காட்டினார்.

"அண்ணே, நீங்க ஆறாம் ஆண்டோட நின்னது நல்லதுலா. அந்த வாத்தியாருங்க பொழச்சாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கெண்டின் பக்கமே போகவில்லை.

சூப்பர்வைசர் நிற்கும் பழம் வெட்டும் இடத்தில் போன் கூடாது. வெளியே சுற்றும் எனக்குத் தடையில்லை. யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பது ஆபீசுக்குத் தெரியும் என்பதால் சூப்பர்வைசருக்கு ஒரு யோசனை வந்தது. "என் போனையும் வண்டியில போட்டுக்குங்க அண்ணே. நீங்க சுத்துனா அது படிச்சுக்கும்."

என் குரல் இருந்த அதே போன். பாடப் பக்கத்தைத் திறந்து, சத்தத்தை அணைத்து, காலையில் ஆண்கள் கழிவறைச் சன்னல் மேல், பெட்டிக்குக் கீழே வைப்பேன். மாலையில் துடைத்துக் கொடுப்பேன். அவர் நன்றி சொல்வார்.

என் போனோடு நான் லாரிகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். தப்பாகச் சொன்னால் அது மறுபடி சொல்லும். சிரிக்காது.

தொழிலாளிகளுக்குப் பாடம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் முதலாளியம்மா கெண்டினுக்கு வந்தார். அதிக நேரம் படித்தவர் சூப்பர்வைசர் என்று அவரையே முதலில் கூப்பிட்டார். அவருடைய போனைப் பெரிய திரையில் இணைத்தார்கள். ஒரு பெண் குரல் இனிமையாக அவரை வரவேற்றது. நீங்கள் அதிகம் இருக்கும் இடம் கழிவறை, அடைப்பு எடுப்பது பற்றிய பாடத்தைத் தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. எல்லோருக்கும் புரியும்படி மலாயில் எழுத்தும் வந்தது.

பழம் சீவும் அக்கா ஒருவர் கேட்டார்: "வயித்துல ஏதும் கோளாறா தம்பி?"

கெண்டினே அதிர்ந்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். போனை என்னிடம் கொடுத்ததைச் சொன்னால் படிக்காமல் ஏமாற்றியது தெரிந்துவிடும். என் வாயை அவர் அடைத்ததுபோல அவர் வாயை நான் அடைத்தேன்.

கடைசியில் சூப்பர்வைசர், இந்தப் பாடம் எங்கள் ஆட்களுக்குச் சரிப்படாது, எடுத்துவிடலாம் என்றார். யாருக்கு வேண்டும் என்று முதலாளியம்மா எங்களைக் கேட்டார். முதல் கை என்னுடையது. சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கினேன். அக்காமார் கைகளும் எழுந்தன. பாடம் நிற்காமல் தொடர்ந்தது.

அந்தப் பாடத்தில் தேறி, இப்போது நான் சரக்கு ஏற்றும் இடத்தில் இருக்கிறேன். விரல்களில் தோல் வளர்கிறது. சூப்பர்வைசர் கடந்து போகும்போது, கழிவறைப் பாடத்தின் முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்வேன். அடைத்திருக்கிறதா என்று கேட்கும் வாக்கியம். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று காலையிலும் சொன்னேன்.

18 நவம்பர் 2024, திங்கட்கிழமை.