ஐந்து மாத இடைவெளி

"ஏம்மா, மூத்தது ஜனவரியில பொறந்திருக்கு. சின்னது அதே வருஷம் ஜூன்ல. இது எப்படிம்மா நடக்கும்?"

பாஸ்போர்ட் ஆபீஸ் அதிகாரி கேட்டது பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதிலும் நன்றாக விழுந்தது. யாரோ சிரித்தார்கள். என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் விரலால் தட்டினார். மகனின் அந்தப் பொய்த் தேதியைப் பள்ளிப் பதிவேட்டில் எழுதியவளே நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். கணவர் ஜாம்பியாவில் வாத்தியார் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் சின்னவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் விட்டுப் போவேன். சாயங்காலம் திரும்பினால் அழுது வீங்கிய முகத்தோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போதும்டாப்பா என்று, நாலு வயசிலேயே அவனை என் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயசு. அவனுக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பிடித்து நான்தான் தொட வைத்தேன். ஹெட்மாஸ்டர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறந்த வருஷத்தை ஒன்று முன்னால் தள்ளி எழுதினேன். அதே வருஷத்தில்தான் அவன் அக்காவும் பிறந்தாள் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தேதி போட்டுக் கொடுத்த டீச்சர் சொந்தப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அப்போது தனிப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதில்லை. தாயின் பாஸ்போர்ட்டிலேயே பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிடுவார்கள். அதிகாரி மகள் பெயரை எழுதச் சம்மதித்தார். "பையனைப் பத்தி விசாரிக்கணும். மாசக்கணக்கா ஆகும். இப்ப விட்டுட்டுப் போங்க, அப்புறமா கூப்பிட்டுக்கலாம்" என்றார். கணவரிடம் போகும் பயணத்துக்கு இரண்டே மாதம் இருந்தது.

கணவருக்கு எழுதினேன். அவரும் அதையே எழுதினார்: 'பல்லாவரத்தில் என் அக்கா வீட்டில் அவனை விட்டு வா. ஒரு வருஷத்தில் சரிசெய்துவிடலாம்.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை விட்டுப் பிரியக் கூடாது என்றுதானே அந்தப் பொய்யையே எழுதினேன்! பதிலுக்கு ஒரு வரி போட்டேன். 'மூன்று பேரும் வருகிறோம், இல்லாவிட்டால் மூன்று பேரும் இங்கேயே இருக்கிறோம்.'

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்த, அவன் நிஜப் பிறந்த தேதி போட்ட ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். அதிகாரி இரண்டு காகிதங்களையும் பார்த்தார்.

"ரெண்டுல எதும்மா பொய்?"

"ஸ்கூலோடது சார். நான்தான் எழுதினேன்."

"இத நான் எப்படி நம்பறது?"

"டேய், காதைத் தொடுடா" என்றேன். கையைத் தலைமேல் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தான். பள்ளிக் கணக்கில் ஆறு தாண்டியவனுக்கு விரல் காதுக்கு வரவில்லை. அதிகாரியும் காதைத் தொட்டுப் பள்ளியில் சேர்ந்தவர்தானே, சிரித்துவிட்டார். "சரிம்மா. பொய்னு எழுத்துல குடுங்க. ஹெட்மாஸ்டர் அதுல கையெழுத்துப் போடணும்."

ஹெட்மாஸ்டர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "டீச்சர், நீங்க பிளேன் ஏறிடுவீங்க. மாட்டிக்கறது நான். எனக்குத் தெரியாம, என்னை ஏமாத்திச் செஞ்சதா எழுதுங்க. அப்பதான் போடுவேன்."

"நீங்களும் பார்த்துச் சிரிச்சீங்களே சார்?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படி எழுதிக் குடுத்தா உங்களுக்கு நன்னடத்தைச் சான்று தர முடியாது. அதையும் யோசிச்சுக்கோங்க" என்றார்.

யோசிக்காமல் இருப்பேனா? கணவர் தன் பள்ளியிலேயே எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். நன்னடத்தைச் சான்று இல்லாமல் அது கிடைக்காது. பத்து வருஷம் சாக்பீஸ் தூள் தின்று வளர்த்த வேலை எனக்கு. அது என் உயிர் என்றே சொல்வேன்.

"நீங்க சொன்னபடியே எழுதறேன். உங்க நன்னடத்தைச் சான்றை நீங்களே வெச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பயம் கொஞ்சம், ஆத்திரம் நிறைய.

ஸ்டேஷன் எதிரில் டைப் அடிப்பவரிடம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் பாதியில் கையை எடுத்துவிட்டார். "இன்னாம்மா நீ, உன்ன நீயே மாட்டி வுட்டுக்கினு கீறே?"

"நீங்க அடிங்க அண்ணா."

"வேணாம்மா, பேஜாராப் பூடும்."

"அடிங்கன்னா அடிங்க!"

அடித்தார். ஹெட்மாஸ்டரை ஏமாற்றினேன் என்ற அந்த ஒரு வரி மட்டும் சுத்தப் பொய். மற்றதெல்லாம் நிஜம். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யில் கையெழுத்துப் போட்டேன். ஹெட்மாஸ்டரும் அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். மூன்றாவது வாரம் என் பாஸ்போர்ட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன.

ஜாம்பியாவில் கணவரின் பள்ளியில் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேறு இரண்டு இடங்களிலும் அதே கதை. அவசரப்பட்டுவிட்டாய் என்று கணவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்; நானும் ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது மூன்றாவது பொய். பள்ளி மணி கேட்டால் இன்றும் என் விரல்கள் சாக்பீஸைத் தேடும்.

எட்டு வருஷம் அந்த ஊரில் இருந்தேன். ஒரு நாள்கூட வகுப்பறையில் நிற்கவில்லை. தினமும் மதியம் பள்ளி வாசலில் வெயிலில் நிற்பேன். மணி அடித்ததும் பிள்ளைகளைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவேன். இரண்டு பேரையும்.