கீழே இறங்காத கதாநாயகி

சல்லடை, நாவலாசிரியை. பிறப்பு 1949, இறப்பு 2018.

இது பெற்றோர் இட்ட பெயரன்று. யார் எதைச் சொன்னாலும் சலித்து, கல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே நம்பும் தங்கைக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர். முதல் கதை அச்சேறியபோது அதையே புனைபெயராக்கிக்கொண்டார். "இத்தனை வருஷம் கூப்பிட்டதுக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்" என்று அண்ணனிடம் சொன்னாராம்.

தொலைபேசி நிலையத்தில், வெளியூர் இணைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. இணைப்பு சரியாகக் கிடைத்ததா என்று அறிய முதல் சில சொற்களைக் கேட்டே ஆக வேண்டும் என்பதும் விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே இருந்த இடுக்கில்தான் தாம் எழுத்தாளரானதாக அவர் சொல்வார். மரணச் செய்தி கேட்டவர்கள் உடனே அழுவதில்லை என்பதை அங்கேதான் அறிந்தார். பெரும்பாலோர் முதலில் ஒரு சில்லறைக் கேள்வி கேட்பார்கள். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, அடுப்பை அணைத்தார்களா, இப்படி.

புத்தகங்களை அவர் நேசித்தார். நம்பினார் என்று சொல்வதற்கில்லை. எழுதும்போது தமக்கே கண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மறுநாள் கிழித்துப் போடுவார். பெண்ணியத்தில் உறுதியான பற்று உண்டு. ஆனால் மேடையில் அதைப் பேசுகிறவரைவிட, அவர் வீட்டு மின்கட்டண ரசீது யார் பெயரில் வருகிறது என்பதையே பெரிதாக மதித்தார். "பொழுதுபோக்கு பொழுதைத் தின்னும்; நாவல் பொழுதை ஊட்டும்" என்று ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் பெற்றார். வீடு திரும்பும் வழியில் அந்த வாக்கியமும் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கேட்பதற்கு மிக அழகாக இருந்ததுதான் காரணம்.

அவருடைய நாவல்களில் ஓரளவு விற்றது 'தனி மீட்டர்'. குடியோ அடியோ இல்லாத ஒரு கணவனிடம், ஒருநாள் காலையில், "நான் மாடி அறைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போகும் பெண்ணின் கதை. மாடிக்குத் தன் பெயரிலேயே மின்மானி வாங்கி வைக்கிறாள். கடைசிப் பக்கம் வரை கீழே இறங்கிக் குடித்தனத்துக்குத் திரும்புவதில்லை. அந்த முடிவுதான் நாவலின் உயிர் என்று அவர் கருதினார்.

2011-இல் ஒரு தயாரிப்பாளர் அதைத் தொலைக்காட்சித் தொடராக்க விரும்பி வீட்டுக்கு வந்தார்.

"ஒரு வரிகூட மாத்த மாட்டோம்மா. நானும் பெண்ணியவாதிதான்."

"சந்தோஷம். வீட்ல பாத்திரம் யார் கழுவுறது?"

"மெஷின்ம்மா."

"மெஷினுக்குள்ள யார் அடுக்குறது?"

தயாரிப்பாளர் சிரித்தார். வசனத்தைத் தாமே எழுத வேண்டும் என்று சல்லடை நிபந்தனை விதித்தார். தயாரிப்பாளர் அக்கணமே ஒப்புக்கொண்டார். கேட்டவுடன் கிடைத்ததே சல்லடைக்கு உறுத்தலாக இருந்தது.

தொடர் நன்றாகவே ஓடியது. கதாநாயகி மாடிக்குப் போன நாளிலிருந்து, அவள் இறங்கிவிடாதபடி சல்லடை காவல் காக்கத் தொடங்கினார். 'படியின் உச்சியில் நிற்கிறாள்' என்று எழுதிக் கொடுத்தால், திரையில் அவள் ஒரு காலை அடுத்த படியில் வைத்திருந்தாள். இயக்குநரைக் கேட்டால், "காலுக்கு வசனம் இல்லையே மேடம்" என்றார். கதாநாயகியாக நடித்தவரோ அன்றாடம் மாலையில் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, நாளைக்கு நான் கீழ இறங்கணுமா?"

"இல்லம்மா."

"சரிக்கா."

இவள் தயாரிப்பாளரின் உளவாளி என்று சல்லடை முடிவு கட்டினார். சேர்ந்து வாழும் காட்சி வந்தால் நடிகைக்குப் பட்டுப்புடவையும் பாட்டும் கிடைக்கும். ஆசை இருக்காதா என்பது அவர் கணக்கு.

வீட்டுக்குள்ளும் எதிர்க்கட்சி இருந்தது. அவருடைய கணவர் ஓய்வு பெற்ற நில அளவையர். மனைவியின் நாவல் எதையும் படித்தவரில்லை. தொடரை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"அந்த ஆளு என்ன தப்பு பண்ணான், சொல்லு பாப்போம்."

"ஒண்ணும் பண்ணல. அதான் தப்பு. ஒண்ணுமே பண்ணல."

"என்னைச் சொல்றியா?"

"நாவல்ல எழுதியிருக்கு. படிச்சுப் பாருங்க."

"வேண்டாம். டிவியிலயே பாத்துக்கிறேன். அங்க விளம்பர இடைவேளையாவது உண்டு."

தொடரை முடிக்கும் தேதி நிச்சயமான பிறகு, படப்பிடிப்புக் கூடத்தில் புதிதாக ஒரு படுக்கையறை அமைக்கிறார்கள் என்ற செய்தி சல்லடையின் காதுக்கு எட்டியது. இரட்டைக் கட்டிலாம். ஐயம் உறுதியாயிற்று. கதாநாயகியைக் கணவனிடம் திருப்பி அனுப்ப முடியாதபடி செய்ய ஒரே வழி, கணவனே இல்லாமற்போவது. மறுநாள் அவனைக் கொன்றுவிட்டார்.

தொலைபேசி நிலைய அனுபவமெல்லாம் அந்தக் காட்சியில் இறங்கியது. மாடியில் மணி அடிக்கிறது. நெடுஞ்சாலையில் விபத்து என்கிறது ஒரு குரல். அவள் அழவில்லை. "வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கிறாள். அவ்வளவே. திரையில் விபத்தில்லை, உடலில்லை, ஓலமில்லை. சாவை வாசகன் நேரே பார்க்கக் கூடாது, செய்தி கேட்டவரின் முகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எழுத்து நெறி. இயக்குநர் படித்துக் கண் கலங்கினார். தயாரிப்பாளர் மறுப்பே சொல்லவில்லை. எங்கே கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சல்லடைக்குப் பிடிபடவில்லை. காட்சி ஒளிபரப்பானதும் கணவர்தான் சொன்னார்.

"கொன்னுட்டியா?"

"கொன்னுட்டேன்."

"உடம்பக் காட்டலையே."

"எதுக்குக் காட்டணும்? அது நாகரிகமா?"

"நாகரிகம் பாத்தா திரும்பி வந்துடுவான்மா. சீரியல்ல உடம்பக் காட்டாத சாவெல்லாம் மெடிக்கல் லீவு."

மறுநாளே ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார்.

"நடிகரோட கால்ஷீட் இல்லையே மேடம்."

"பொணத்துக்கு எதுக்கு கால்ஷீட்? துணியைப் போட்டு மூடிப் படுக்க வைங்க யாரையாவது."

"மூடினா யாருன்னு தெரியாதே."

"அப்ப திறந்து காட்டுங்க."

"திறந்தா வேற ஆளுன்னு தெரிஞ்சுடுமே மேடம்."

கணவர் சொன்னபடியே ஆயிற்று. கடைசி வாரத்தில் தாடியும் தலையில் கட்டுமாக, ஒரு காலில் மாவுக்கட்டுடன், ஊன்றுகோலைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான் இறந்தவன். இறுதிக் காட்சியில் கதாநாயகி படியிறங்கி ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எழுத மறுத்தால் உதவியாளரை வைத்து எழுதிக்கொள்வோம் என்று தயாரிப்பாளர் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். மறுத்தால் பேனா கைமாறும். "அங்க வந்தே எழுதித் தர்றேன்" என்றார் சல்லடை. என்ன எழுதுவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அதுவே கடைசிநாள் படப்பிடிப்பு. வேறொரு தொடருக்காக மறுநாள் காலையில் மாடிப்படியைக் கலைத்துவிடுவார்கள். சல்லடை தாளும் பேனாவுமாக அமர்ந்திருந்தபோது, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு நடிகை வந்தார்.

"கால் சுளுக்கிடுச்சு சார். நிக்கலாம், பேசலாம். படி இறங்க முடியாது."

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு தெளிந்து, "சரி, அவர் மேல ஏறிப் போகட்டும்" என்றார்.

"மாவுக்கட்டோட எப்படி ஏறுவார்?" என்று கேட்டார் சல்லடை. "நீங்க போட்ட கட்டு, நேத்து டிவியில வந்தாச்சு. நாடே பாத்தாச்சு."

வேறு வழியில்லை. இருவரும் நின்ற இடத்திலிருந்தே பேசியாக வேண்டும். சல்லடை அங்கேயே எழுதிக் கொடுத்தார். "இறங்கி வர மாட்டியா?" என்று கேட்கிறான் கணவன். "இறங்கி வர்றதா இருந்தா, நீங்க நல்லா இருந்தப்பவே வந்திருப்பேன். டாக்டருக்குச் சொல்லியிருக்கேன், உக்காருங்க" என்கிறாள் அவள். மாடிக் கதவு சாத்தப்படுகிறது. வேறு காட்சி எடுக்க நேரமில்லாததால் அதுவே ஒளிபரப்பாயிற்று.

படப்பிடிப்பு முடிந்து நடிகை காருக்கு நடந்தபோது, துணி சுற்றாத காலை நொண்டினார். சல்லடை பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கால்ல சுளுக்கு?"

"முதல்ல எந்தக் கால்னு சொன்னேன்க்கா?"

"எதுக்கும்மா இதைச் செஞ்ச?"

நடிகை கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "தினமும் போன் பண்ணி, இறங்கணுமான்னு உங்ககிட்ட கேட்டேன். உனக்கு இறங்க இஷ்டமான்னு நீங்க ஒரு தடவ என்னைக் கேட்டீங்களாக்கா?"

பெண்களின் விருப்பத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர், நடிகையிடம் அதை ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. ஆயினும் இரண்டு நாள் கழித்து, நடிகைக்கு அன்று மாலையே வேறொரு படப்பிடிப்பு இருந்ததாகக் கேள்விப்பட்டதும், பழைய குணம் தலைதூக்கியது.

"சீக்கிரம் கெளம்பணும்னுதான் சுளுக்கோ என்னவோ."

"ஒரு நல்லதையாவது சலிக்காம விடேன்மா" என்றார் கணவர்.

எது உண்மை என்பதைச் சல்லடை கடைசிவரை அறியவில்லை. நடிகையிடம் மீண்டும் கேட்கவும் இல்லை. கேட்டால் வரும் பதிலையும் சலிக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு எழுதிய இரண்டு நாவல்களில், கதை சொல்பவரை ஒரு பாத்திரமாவது எதிர்த்துக் கேள்வி கேட்கும்.

'தனி மீட்டர்' புதிய பதிப்பு வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். பதிப்பகத்தார் பார்வைக்கு அனுப்பிய பின்னட்டையில், 'பிரிந்த தம்பதியர் மீண்டும் இணையும் நெகிழ்ச்சியான குடும்பச் சித்திரம்' என்று அச்சிட்டிருந்தது. அதை எழுதியவர் நாவலையும் படிக்கவில்லை, தொடரையும் பார்க்கவில்லை என்பது தெளிவு. சல்லடை கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அந்த வரியை இருமுறை படித்து, குறுக்கே கோடிட்டு, 'அவள் இறங்கவில்லை' என்று ஓரத்தில் எழுதினார். பிறகு, அச்சகத்தாரை நம்பாமல், அதன் கீழும் ஒரு கோடு போட்டார். அவர் எழுதிய கடைசி வரி அதுதான்; அன்று தேதி 2018 நவம்பர் 14.