நாளைக்காரர் வெட்டிய ஒயர்

தெருவில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். டிவி ரிப்பேரில் கெட்டிக்காரர்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் யார் போய்க் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். அந்த நாளை முப்பது வருடமாக வந்தபாடில்லை.

அப்படிப்பட்டவர் அன்று காலையிலிருந்து சொந்த வீட்டுக் கூடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வந்த மகள் பரணை ஒழித்தபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டர் கிடைத்திருந்தது. கீபோர்டுக்கு அடியிலேயே எல்லாம் அடங்கிய பெட்டி. டிவியில் மாட்டினால்தான் படம் தெரியும். கூடவே ஒரு நோட்டு. பதிமூன்று வயதில் அவளே எழுதிய புரோகிராம் அதில் இருந்தது. அதை ஓட்டிப் பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர் எரிந்துபோனதாக அப்போது அவர் சொல்லிவிட்டார்.

"எரிஞ்சுபோச்சுன்னீங்களேப்பா, லைட் வருதே! சாயங்காலம் பஸ் ஏறதுக்குள்ள ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடணும்ப்பா."

அவர் ஒயரை மாற்றினார். சேனல் சேனலாகத் தேடினார். "சிக்னல் இல்லை" என்று டிவி சொன்னதையே சொன்னது. "புது டிவிங்க எல்லாமே வெறும் பகட்டு!" என்று கடையிலிருந்து பழைய டிவியைச் சுமந்து வந்தார். அதிலும் வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். மனைவி மேல் பாய்ந்தார்.

"நீ எதுக்குக் குறுக்க குறுக்க நடக்குற?"

எதற்கும் பதில் வைத்திருப்பவள் அன்று சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

ஐந்து மணிக்குப் பொறுமை போய், பெட்டியின் திருகைக் கழற்றினார். உள்ளே படத்துக்கான ஒயர் துண்டாகக் கிடந்தது.

"எந்த அரைகுறை இதுல கை வச்சான்? நல்ல ஒயரை வெட்டி வச்சிருக்கானே, பாவி!"

அப்போதுதான் வெட்டிய முனையில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்தார். நுனி மடித்திருந்தது. அடுத்துப் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்ட வேண்டாமே என்று அப்படி மடிப்பவர் அந்த ஊரில் ஒருவர்தான்.

"பரீட்சை நேரத்துலயும் இவ இதே கதின்னு இருக்காளேன்னு நான்தான் ஒயரை வெட்டச் சொன்னேன்," என்றாள் மனைவி. "முடிஞ்சதும் ஒட்டிடறேன்னீங்க. கேட்டப்பல்லாம் நாளைக்கு, நாளைக்கு. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான்தான் எதையோ தொட்டு எரிச்சுட்டேன்னு நெனச்சேன்ப்பா. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிப்புல இடம் கெடச்சும் அந்தப் பயத்துலதான் வேண்டாம்னேன்."

அவர் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினார். ஒயரை ஒட்ட நாலு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் மினுக் மினுக்கென்று காத்திருந்தது.

மகள் கடிகாரத்தைப் பார்த்துப் பையை எடுத்தாள். "நேரமாச்சு. அடுத்த தடவை பாத்துக்கலாம்ப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. "இல்லம்மா, இன்னிக்கே," என்று அவள் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பையைக் குடுங்கப்பா."

"ஒன்பது மணிக்கு இன்னொரு பஸ் இருக்கு."

அவள் நீட்டிய கையை இறக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டைப் பிரித்து, முதல் வரியை அடிக்கத் தொடங்கினாள்.