தனிஸ்லாஸ் முசியேயின் தபசு

காரைக்காலில் கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டதைத் தனிஸ்லாஸ் முசியேயின் தாடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷனோடும் 'முசியே' என்ற பிரெஞ்சு மரியாதையோடும் திரும்பியவர். விபூதிப் புதனன்று சவரத்தை நிறுத்துவார், ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிப்பார். காலையில் நாலு வீட்டு வாசலில் வேண்டுமென்றே நிற்பார். யாராவது காப்பி சாப்பிடக் கூப்பிட்டால்தானே மறுக்க முடியும்?

அவரிடம் ஒரு நல்ல கனமான பாவம் இருந்தது. 1953 தபசில், வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் அவருடைய வெள்ளிச் செபமாலையைக் காணவில்லை. பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம் பார்த்து, தன் வீட்டில் சமையல் வேலை பார்த்த செல்லம்மாதான் திருடினாள் என்று கோயில் வாசலில் கத்தினார். அவள் அழுததை யார் கேட்டார்கள்? தபசு முடிந்து பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளன்று, அன்றைக்கு மட்டும் போடும் சைகோன் கோட்டை எடுத்து மாட்டினார். போன பாஸ்குக்கு வைத்த செபமாலை பையிலேயே கிடந்தது. சத்தமில்லாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப்பின் எந்த வீட்டிலும் செல்லம்மாவை அடுப்படிக்குள் விடவில்லை. செங்கல் சுமந்து பிழைத்தாள். முசியேயோ ஒவ்வொரு தபசிலும் இந்தப் பாவத்தைச் சாமியாரின் காதில் சொல்லிக் கண்ணீரோடு சங்கீர்த்தனம் செய்வார். காது மந்தமான பழைய சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். முசியே பளபளவென்ற முகத்தோடு வெளியே வருவார். மறுவருஷமும் அதே பாவம், அதே கண்ணீர். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1956-இல் புதுச் சாமியார் வந்தார்.

"செபம் கெடக்கட்டும். நாலு பேரு முன்னாடி அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்களுக்குப் பாவமன்னிப்பு இல்ல" என்றார்.

பாவமன்னிப்பு இல்லையென்றால் பாஸ்குக்கு நற்கருணை இல்லை. ஊரே எழுந்து போகும்போது தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா? அந்தப் பயம்தான் அவரைப் பாஸ்குக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று, செல்லம்மா குடியிருந்த தலத்தெருவுக்கு விரட்டியது. முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததால் பின்னாலேயே இருபது பேர் போனார்கள். கடைசியாக அவர் மனைவி மதலேனம்மாள் நடந்து வந்தாள்.

செல்லம்மாவின் வாசற்படியில் முழந்தாளிட்டு முசியே மார்பில் அறைந்துகொண்டார்.

"செல்லம்மா, நான் மகா பாவி! என்னை மன்னிச்சிடும்மா!"

"எவ்வளவு தாழ்மை பாருங்க" என்று கூட்டத்தில் ஒருவர் உருகினார்.

"என்ன பாவம்னு சொல்லுங்க முசியே" என்றாள் செல்லம்மா.

"எல்லாப் பாவமும்தாம்மா."

"செபமாலை கெடைச்சுதா?"

முசியே கண்களை மூடிக்கொண்டார். "அதெல்லாம் சங்கீர்த்தன ரகசியம்மா. வெளிய சொல்லக் கூடாது."

ரகசியம் காக்க வேண்டியவர் சாமியார்தான் என்பது ஞானோபதேசம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் பக்தியோடு தலையாட்டியது.

"கெடைச்சுதும்மா."

சொன்னது மதலேனம்மாள். "அந்தப் பாஸ்கு அன்னைக்கே, இவரு கோட்டுப் பையிலயே கெடைச்சுது. நீ எடுக்கல. எனக்குத் தெரிஞ்சும் மூணு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் முழந்தாளிடவில்லை, மார்பில் அறைந்துகொள்ளவும் இல்லை. செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

சற்றுப் பொறுத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள வாங்க" என்று மதலேனம்மாளைக் கூப்பிட்டாள். முசியே இன்னமும் மன்னிப்புக்காகக் கைகளை விரித்துக்கொண்டு படியை அடைத்திருந்தார்.

"கொஞ்சம் நகருங்க முசியே, அம்மா வரணும்."